ரிங்லெட்டுக்கு மேலே ஒரு பெரட்டு நாடகம்

சயாம் ரயில்பாதைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த 1943-இல், ஒரு சனிக்கிழமை தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குக் கிளம்பினேன். மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் தங்கை மரியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில், எட்டுப் பேரைப் பெயர் சொல்லி லாரியில் ஏற்றப்போகிறார்களாம். அவள் புருஷன் ஆரோக்கியமும் அதில் ஒருவர். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் நாடகம்.

இந்தப் பாதையில் நாடகம் போடப் போகிறவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரிவாயு லாரி. மலையில் முதலில் வரும் ஊரான ரிங்லெட் ஏறக்குறைய இருபத்தெட்டு மைல். டிரைவர் ஜப்பான் நோட்டைத் தொடவில்லை.

“இந்தத் தாள வெச்சு சுருட்டுத்தான் சுத்தலாம். கருவாடு இருந்தா குடுங்க லா.”

இரண்டு ராத்தல் கருவாடு கொடுத்தேன். உட்கார்ந்து போனதைவிட இறங்கித் தள்ளியதுதான் அதிகம். போய்ச் சேர எட்டு மணி நேரம். எனக்கோ வழியெல்லாம் இருப்புக் கொள்ளவில்லை.

பறிக்க ஆளில்லாமல் தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. எட்டுப் பேரும் அதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், வீட்டுப் பெண்கள் “ஊரில் இல்லை” என்று சொல்ல வேண்டும். திட்டம் அவ்வளவுதான். நாடகம் அதற்கான ஒத்திகை.

ஞாயிறு மூன்று மணிக்கு, சிரிப்பு நாடகம் என்று தோட்டக் கணக்கு பார்க்கும் கிராணியிடம் அனுமதி வாங்கி, ஆட்கள் குடியிருந்த லயன் வாசலில் ஆரம்பித்தேன். கோணிச் சாக்கைக் கோட்டாக மாட்டிய நான்தான் கங்காணி. பெரட்டுக்கு அடிக்கும் இரும்பைத் தட்டியதுதான் தாமதம், பார்க்க வந்த கூட்டம் எழுந்து வரிசையில் நின்றுவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? “ஆரோக்கியம்” என்று கூப்பிட்டேன்.

“இருக்கேங்கய்யா” என்றார் மச்சான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரியம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். “அவரு இல்லீங்க. கோலா தெர்லாவுக்குத் தோட்ட வேலைக்குப் போயிட்டாரு.”

“எப்ப வருவான்?”

“சொல்லிட்டுப் போகலீங்க.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மறுபடி இரும்பு, மறுபடி பெயர்கள். ஆறாவது தடவைதான் ஒருவரும் எழவில்லை, பதிலும் கொடுக்கவில்லை. பெண்கள் என் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னார்கள்.

திங்கள் ஐந்தரை மணி. மரியம்மாவின் அடுப்படியில் பதுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் இரண்டு பேர் நின்றார்கள். கங்காணி ஏழு பெயர்களைக் கூப்பிட்டார், ஏழு பொய்களும் பிசகாமல் வந்தன. எட்டாவது பெயர் அந்தோணி.

“அவன் இல்லீங்க” என்றாள் அவன் அம்மா.

மேலே தேயிலைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இருக்கேங்கய்யா.”

அந்தோணி நாடகம் பார்க்கவில்லை. ராணுவ வண்டி வந்தால் சொல்ல, நான்தான் அவனைச் சாலை வளைவில் நிறுத்தியிருந்தேன். பிறகு எல்லாம் விளக்கிச் சொன்னோம், தலையாட்டினான். காதில் ஏறியது வாய்க்கு வரவில்லை.

ஆனால் அடுத்த நொடியே அவன் செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தான். “நான் மட்டுந்தாங்கய்யா. சயாமுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டேன்.” சிப்பாய்கள் தேயிலைக்குள் தேடவில்லை. அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்தும் அவன் திரும்பவில்லை.

போகிறவர்களே, கருவாடும் கம்பளியும் கொண்டுபோங்கள். நாடகத்தை மாலை ஐந்துக்குள் முடியுங்கள், பனி இறங்கிவிடும். காவலுக்கு நிற்பவனுக்காக இன்னொரு தடவை ஆடுங்கள். அந்த ஞாயிறன்று அந்தோணியின் அம்மா அப்படி ஆடச் சொல்லிக் கேட்கத்தான் செய்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.