கடைசிச் சொல்லை விட்டுப் பாடியவள்

நீ என்னிடமிருந்து திருடினாய், தம்பி. கோவிலில் எல்லாருக்கும் முன்னால் திருடினாய்.

கல்முனையில் எங்கள் மாதா கோவிலில் பூசைக்குப் பாட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். சொறிக்கல்முனையிலிருந்து வருகிற வயதானவர்கள் பலருக்குப் புத்தகம் பார்த்துப் பாடக் கண் தெரியாது. நான் ஒரு வரியைப் பாடிக் கடைசிச் சொல்லை விட்டுவிடுவேன். சனம் அந்தச் சொல்லைப் பிடித்து, பிறகு வரி முழுவதையும் திருப்பிப் பாடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒருமுறை இருமல் வந்து கடைசிச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது. சனமே பாடி முடித்தது. அன்றிலிருந்து வேண்டுமென்றே விட்டேன். அப்படிப் பாடும்போதுதான் எனக்குச் செபம் வரும். மற்ற நேரம் முழங்காலில் இருந்தாலும் நினைப்பு அடுப்பிலிருக்கிற கறியில்தான்.

பிறகு நீ கீபோர்டோடு வந்தாய். ஒரு நாள் பயிற்சிக்கு முன், பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு முடியட்டும் என்று காத்திருந்தோம். "அக்கா, கடைசிச் சொல்ல ஏன் விடுறீங்க?" என்று கேட்டாய். பைத்தியக்காரி நான், விளக்கமாகச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் புதுப் பாதர் மாறி வந்தார். வந்ததும் மைக்கை உன் கையில் கொடுத்தார். என்னைச் சனத்தோடு வாங்கில் உட்காரச் சொன்னார்.

போன ஞாயிறு நற்கருணைப் பாட்டு நேரம் கரண்ட் போனது. கீபோர்ட் நின்றது. எனக்குச் சந்தோஷம், பொய் சொல்லமாட்டேன். எழும்பி வரியைத் தொடங்கினேன். பக்கத்திலிருந்த மச்சாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இருகா. தம்பி பாடட்டும்."

நீ பாடினாய். கடைசிச் சொல்லை விட்டாய். கோவில் அதிரச் சனம் பாடியது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று எனக்குச் செபமும் வரவில்லை.

பூசை முடிய பாதர், "தம்பி கொண்டுவந்த புது முறையில சனம் என்ன வடிவாப் பாடுது!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நீ தலையைக் குனிந்து சிரித்தாய்.

வாசலில் மச்சாள் விடவில்லை. "உனக்கு எரிச்சல்கா."

"ஓம், எரிச்சல்தான். அதுக்கென்ன?"

உன் குரல் என் குரலைவிட நல்லது. அதுவும் எரிகிறது. ஆனால் அதை உனக்குத் தந்தவர் ஆண்டவர். அந்தச் சண்டையை நான் அவரோடு பிடித்துக்கொள்கிறேன். பாடுகிற முறையைத் தந்தவள் நான்.

வருகிற ஞாயிறு பாதர் அறிவித்தல் வாசித்து முடிந்ததும் எழும்பிக் கேட்பேன். மைக் உன் கையில்தான் இருக்கும். கடைசிச் சொல்லை விடுகிற முறையை யாரிடம் பழகினாய்? முழுச் சனத்துக்கும் கேட்கச் சொல்.