அக்காவுக்குக் கொண்டுபோன புடவை

ஆகஸ்ட் 13, 1981, வியாழன். எழும்பூரில் ராக்போர்ட் எக்ஸ்பிரஸ் ஏறினேன். இரண்டாம் வகுப்பில் படுக்கையோடு இருபத்தொன்பது ரூபாய். திருச்சி முந்நூற்று முப்பத்தேழு கிலோமீட்டர். எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழ் ஆசிரியர், திருச்சி போகிறவன் சும்மா வரக்கூடாது, ஒரு பயணக் கட்டுரையோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். மலைக்கோட்டை, காவிரி, பழைய தேவாலயங்கள் என்று நாலு பக்கத்தை நிரப்பிவிடலாம் என்று நானும் தலையாட்டி வைத்தேன். மலைக்கோட்டையை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன காரணம் வேறு. என் அக்கா செசிலி பாலக்கரையில் இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். வயிற்றில் புற்றுநோய். அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்தாகிவிட்டது என்று அத்தான், திருச்சியிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் என் துணிமணி. இன்னொன்று காக்கிப் பை. அதில் தி. நகரில் நூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கிய புதுப் புடவை, ஒரு பாட்டில் பன்னீர், ஒரு பாக்கெட் மெழுகுவத்தி. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை வந்து அவள்மேல் விழ வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். தந்தி வந்த பிறகு கடைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டாமே என்று முன்கூட்டியே வாங்கிவிட்டேன். மனைவி சொல்லித்தான் வாங்கினேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. யோசனை என்னுடையது. ஆபீசில் என்னை முன்யோசனைக்காரன் என்பார்கள். ஒரு வாரம் லீவும் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பை மட்டும் அக்கா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் வழி முழுக்க எனக்கிருந்த கவலை.

எதிர் சீட்டில் தொட்டியத்துக்காரர் ஒருவர், வாழைக்காய் வியாபாரி. நான் காக்கிப் பையை மடியிலேயே வைத்திருப்பதைப் பார்த்து, நகையா என்று கேட்டார். அக்காவுக்குப் புடவை என்றேன். "கூடப் பொறந்தவங்களுக்கு இந்தக் காலத்துல யாருங்க செய்யறாங்க" என்று சொல்லி, இரண்டு ரஸ்தாளிப் பழம் உரித்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி. லால்குடி தாண்டும்போது விடிந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே மணல்தான் அதிகம். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் கழித்துக் காவிரி வந்தபோது பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஜங்ஷனில் அறுபது பைசாவுக்கு ஒரு காப்பி, காசுக்கு மோசமில்லை. பாலக்கரைக்கு சைக்கிள் ரிக்ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். இரண்டுக்கு இறங்கினார்.

ரிக்ஷாவில் போகும்போதே முகத்தைத் தயார் செய்துகொண்டேன். ஆண்டவர் சித்தம், சிலுவையைச் சுமக்கப் பலம் தருவார் என்பது போன்ற வாக்கியங்களும் தயாராக இருந்தன. அக்கா வாசலை ஒட்டிப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை, கையில் வளையல் நிற்காமல் முழங்கை வரை ஓடியது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? ரயில்ல மூட்டைப்பூச்சியா?"

தயாரித்த வாக்கியங்கள் அதோடு போயின. அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, பல் தேய்க்கச் சொன்னார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக அடுக்களைப் பக்கம் போகாதவர், இப்போது ரசம் வைக்கிறார். ரசத்தில் உப்பு தூக்கல் என்று அக்கா கேலி செய்ய, அவர் கோபித்துக்கொள்ள, வீட்டில் ஒரே சிரிப்பு. எனக்குச் சங்கடமாக இருந்தது. இழவுக்கு வந்தவனைக் கல்யாண வீட்டில் உட்கார வைத்தது போல.

பத்து மணி வாக்கில் வலி வந்தது. பேச்சு பாதியில் நின்றது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அத்தான் வந்து முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கத்தவில்லை, யேசுவே, யேசுவே என்று மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். வலி விட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, எதில் விட்டேன் என்று கேட்டு, பேச்சைத் தொடர்ந்தாள்.

தில்லை நகரில் அவளைப் பார்க்கும் டாக்டரைச் சந்திக்கப் போனேன். தெரிந்ததையே சொன்னார். திரும்பி வரும்போது பகல் ஒரு மணி இருக்கும். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புடவை. மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர். பக்கத்தில் காக்கிப் பை திறந்து கிடந்தது. சலவைக்காரர் வந்தாராம், என் அழுக்குத் துணியைப் போடலாமே என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாளாம்.

நாளைக்கு மாதா திருநாளுக்குக் கட்டிக்கொள்ள வாங்கி வந்தேன் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"பிளவுஸ் பிட் வைக்கலியே" என்றாள்.

உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் புடவை கொடுக்கிறவர்கள் ரவிக்கைத் துணி இல்லாமல் கொடுப்பதில்லை. மறந்துவிட்டேன் என்றேன். அவள் பைக்குள் கைவிட்டுப் பன்னீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்தாள்.

அத்தான் கையில் கரண்டியோடு வந்தவர் புடவையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அவ இன்னும் சோறு திங்கறா தாமஸ். தினமும் நான்தான் ஊட்டறேன். நீ கோடியத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே" என்றார். குரல் உயரவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாள். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அன்று காலையிலிருந்து வலியில்கூட அழாதவள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பு கூட மாட்டியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பினாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். அத்தானிடம், அவனைத் திட்டாதீங்க, வெயில்ல வந்திருக்கான், மோர் குடுங்க என்றாள். அப்புறம் புடவையின் மடிப்பைப் பிரித்து, பார்டரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கலர்டா. போத்தறப்ப இது என்ன கலர்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அம்மா வீட்டுப் புடவை. நாளைக்குப் பூசைக்கு இதைத்தான் கட்டிக்கப்போறேன்."

அத்தான் கூடவே கூடாது என்றார். அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, சனி. பள்ளிக்கூடங்களில் கொடியேற்றம், தெருவெல்லாம் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். மாதாவை ஆண்டவர் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொண்ட திருநாள் என்பதால் பாலக்கரைக் கோயிலில் நல்ல கூட்டம். அக்கா பொருந்தாத ஒரு பழைய ரவிக்கையோடு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, அத்தான் தோளைப் பிடித்து நடந்து போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினாள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினாள். குரல் பாதிதான் வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் நடிப்பில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சர், புடவை பிரமாதம் என்றாள் ஒருத்தி. "என் தம்பி மெட்ராஸ்லேர்ந்து கொண்டாந்தான்" என்று அக்கா ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் காது மடல் சுட்டது. அக்கா குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு நிஜமாகவே பெருமை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்றாள். அவளோடு இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ரங்கநாயகி டீச்சர் அங்கே உத்தர வீதியில் இருக்கிறார். ஆட்டோ வைக்கிறேன் என்றேன். பஸ்ஸில்தான் வருவாளாம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காவிரி பார்க்க வேண்டுமாம். மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஒன்றாம் நம்பர் பஸ், ஆளுக்கு ஐம்பது பைசா. மெயின்கார்டு கேட்டில் ஒரு காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான். பாலத்தில் காற்று அடித்தது. அக்கா முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். கண்டக்டர் அதட்டினார். சிரித்துக்கொண்டே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ரங்கநாயகி டீச்சர் கதவைத் திறந்ததும் அப்படியே கட்டிக்கொண்டார். என்னை, வாங்கோ, உக்காருங்கோ என்றார். ஒரு தட்டில் முறுக்கும் டம்ளரில் காப்பியும் வந்தன. என்னடி, கல்யாணப் பொண்ணாட்டம் வந்திருக்கே என்று புடவையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் கோடி, ரங்கா" என்றாள் அக்கா, ஊர்ச் செய்தி சொல்வது போல. நடந்ததை முழுக்கச் சொன்னாள், சலவைக்காரர் வந்தது முதல். நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார்; அதற்கு மேல் பார்க்கவில்லை. அபசகுனமாப் பேசாதேடி என்று அக்கா வாயைப் பொத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எப்படிடி உன்னால சிரிக்க முடியறது?"

"மொதல்ல சிரிக்கலை ரங்கா. அறுத்துத் தைச்சு அனுப்பினாங்க இல்ல, அப்ப ஆண்டவரோட பேசறதையே நிறுத்திட்டேன். ஜெபமாலையத் தூக்கி அலமாரில போட்டேன். அப்புறம் ஒரு நாள் வலி தாங்கலை. குணமாக்குங்கன்னு கேக்கக்கூடத் தெம்பு இல்லை. கூட இருங்க, அது போதும்னேன். அன்னிலேர்ந்து தனியா இருக்கற மாதிரி இல்லை. வலி இருக்கு. சில நேரம் பயமும் வருது. ஆனா கூட இருக்காரு. எனக்கு அதுல ஒரு சந்தோஷம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பெருமாள் படுத்துண்டே இருக்கார்டி. நானும் ஒருநாள் வந்து பக்கத்துல உக்காரச் சொல்லிப் பார்க்கறேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள், சிரித்ததில் அக்காவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறு பூசையில் தவறாமல் வாய் நிறையச் சொல்கிறவன் நான். ஆண்டவரிடம் பிரமோஷன் கேட்பேன், வீட்டு மனை கேட்பேன், சளி பிடித்தால் அதையும் சொல்வேன். கூட இருங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா போய்விட்டாள் என்று முடிவு கட்டி, அதற்கு வேண்டியதை மூட்டை கட்டி வந்துவிட்டேன். அவளோ இருந்தாள், என்னைவிட நன்றாகவே. திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் கனமே இல்லாமல் இருந்தாள். நான் வெட்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு இரவு கிளம்பலாம் என்று நினைத்தவன், லீவு மிச்சம் இருந்ததால் தங்கினேன். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பூண்டு உரித்தேன். அத்தானின் ரசத்தை நானும் குறை சொல்லப் பழகினேன். வலி வந்தபோது வேறெங்கோ பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, வியாழன். ஊருக்குக் கிளம்பினேன். புடவையைத் துவைத்து, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். போயிட்டு வரேன்க்கா என்றேன். என் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"கட்டின புடவை கோடிக்கு ஆகாது. நீ இன்னொண்ணு வாங்கணும்டா" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. "இப்பவே ஓடிப்போய் வாங்கிடாதே. நான் சொல்லி அனுப்பறேன்" என்றாள். அத்தான் முதலில் சிரித்தார். பிறகு நான்.

வெள்ளிக்கிழமை காலை சென்னை. எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் நொடி இல்லை. நான் உள்ளே நுழையும்போது குழாயில் தண்ணீர் வராததற்காக ஒரு சண்டை, பேப்பரை யார் முதலில் படிப்பது என்று இன்னொரு சண்டை. மனைவி என்னைத் தனியே அழைத்து, அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

நன்றாக இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாவம், உக்காருங்க என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.