எஸ்தர் டீச்சர் வீட்டுக் குளம்

1. சனிக்கிழமை காலை

காலை ஏழு மணிக்கு எஸ்தர் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

“பாஸ்கர், உடனே வாங்க. மீனெல்லாம் மல்லாந்து கெடக்கு.”

“எத்தனைம்மா?”

“எல்லாம்தான் பாஸ்கர். எல்லாம்.”

பதினோரு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. கொடைக்கானலில் வீட்டுத் தோட்டங்களில் குளம் கட்டுவதும் சுத்தம் செய்வதும்தான் என் தொழில். ஊரில் ‘பாண்டு பாஸ்கர்’ என்றால் தெரியும்; பாண்டு என்றால் குளம். இந்த வருஷம் மண்வெட்டி பிடிக்கிற வேலையை விட்டுவிட்டேன், மேற்பார்வை மட்டும். தோட்ட வேலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், “அண்ணே, உங்க அனுபவத்த எழுதுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் கட்டின நல்ல குளங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இது நான் கெடுத்த குளம்.

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் பின்னால் அந்தக் குளத்தை வரைந்து கட்டியது நான். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நடுவில் மூன்றடி ஆழம். ஓர் ஓரத்தில் மட்டும் ஓரடி ஆழத்தில் படி விட்டு, அல்லித் தொட்டிகளை அதில் வைத்தேன். புது சிமென்ட்டில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், மீன் தாங்காது. அதனால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீரை ஊறவைத்து, நாலு தடவை மாற்றி, ஒரு மாதம் கழித்துத்தான் மீன் விட்டேன். அப்போதெல்லாம் எனக்குப் பொறுமை இருந்தது.

இருபத்து மூன்று கோய் மீன்கள், ஜப்பான் வண்ணக் கெண்டை. ஒன்பது வருஷம் வளர்த்தார். வகுப்பில் சேட்டை செய்த பிள்ளைகளின் பெயர்களையே அவற்றுக்கு வைத்திருந்தார். “ஏய் ஸ்டீபன், தள்ளுடா, மத்தவனும் சாப்பிடட்டும்” என்று பொரி போடுவார். ஸ்டீபன் என்பது முழங்கை நீளத்துக்கு ஒரு ஆரஞ்சு மீன். அவர் கையிலிருந்தே வாங்கித் தின்னும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டீபனும் மிதந்துகொண்டிருந்தது. டீச்சர் நைட்டி மேல் ஸ்வெட்டரோடு குளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

2. அதற்கு முந்தைய மூன்று நாள்

அந்தச் சனிக்கிழமை டீச்சரின் பேத்திக்கு ஞானஸ்நானம். மதியம் வீட்டில் விருந்து. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “சர்ச்ல இருந்து எல்லாரும் வருவாங்க பாஸ்கர். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும். அடித் தரை தெரியணும்.”

சுத்தம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. பாதித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, மீனை அதில் விடவேண்டும். அடிச் சேற்றை வாரி ரோஜாப் பாத்திக்குப் போடலாம். அல்லியின் அழுகின இலையை நறுக்கிவிட்டு, கிழங்கு பெருத்திருந்தால் பிரித்து நட வேண்டும். சுவரில் இருக்கிற பச்சைப் பாசியைத் தேய்க்கவே கூடாது. தண்ணீரைக் காப்பாற்றுவதே அதுதான். கடைசியில் பழைய தண்ணீரையும் புதுத் தண்ணீரையும் கலந்து, மெதுவாக நிரப்ப வேண்டும்.

நான் செய்தது வேறு. திங்கட்கிழமை ஒரு ரிசார்ட்டில் பெரிய வேலை தொடங்க இருந்தது. அந்த நினைப்பிலேயே இருந்தேன். கண்ணாடி மாதிரி கேட்டார்களா, கொடுத்துவிடுவோம் என்று வியாழக்கிழமை மீனை டிரம்மில் விட்டுவிட்டு, மோட்டார் வைத்து முழுத் தண்ணீரையும் இறைத்தேன். பிளீச்சிங் பவுடர் தூவி, கம்பி பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்த்து வெள்ளையாக்கினேன். ஊற்றுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குளம் நிரம்ப இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் டேங்கர் லாரிக்குச் சொன்னேன்.

லாரி டிரைவர் ரப்பர் குழாயைக் குளத்துக்குள் போடும்போதே சொன்னான்: “அண்ணே, இன்னைக்குக் குளோரின் தூக்கலா கெடக்கு. குடிக்கவா?”

“இல்லப்பா, மீனுக்கு.”

“ஆத்தாடி. நாலு நாள் ஆறவிட்டு விடுங்கண்ணே.”

எனக்கு அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூக்கைத் துளைத்தது வாடை. குளோரினை முறிக்கிற மருந்து ஒரு பாட்டில் எப்போதும் என் வண்டியில் இருக்கும், அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. மதுரையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அல்லது டீச்சரிடம் போய், “நாளைக்குக் குளத்துல மீன் இருக்காதும்மா, டிரம்லதான் இருக்கும்” என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மீனை விட்டேன்.

ஆறு மணிக்கு நான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து வந்தார். டீச்சர் வீட்டுத் தோட்டக்காரர். வடகவுஞ்சிக்காரர். மனைவியோடும் மகளோடும் பின்னால் அவுட்ஹவுஸில் குடியிருந்தார். மகள் எட்டாம் வகுப்பு. டீச்சர் சொல்லித்தான் அவர் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

“அண்ணே, மீனு மேல வந்து வாயப் பொளக்குது. வந்து பாருங்களேன்.”

“புதுத் தண்ணி சவரி. அப்படித்தான் இருக்கும். காலையில சரியாயிரும்.”

“இல்லண்ணே, ஒரு மாதிரி தவிக்குது.”

“ஏலே, எனக்குத் தெரியாத மீனா? போ, போய்ச் சோலியப் பாரு.”

அவர் போய்விட்டார். நானும் போய்விட்டேன்.

3. நான் கேட்ட ஒரே கேள்வி

சனிக்கிழமை காலை, டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எப்படி ஆச்சு பாஸ்கர்? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

சொல்வதற்கு இரண்டு நொடி இருந்தது. அந்த இரண்டு நொடியில் என் கண், அவுட்ஹவுஸ் சுவரில் மாட்டியிருந்த மருந்து ஸ்பிரேயர் மேல் பட்டது. வியாழக்கிழமை சவரிமுத்து ரோஜாவில் அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடித்ததை நான் பார்த்திருந்தேன்.

“மருந்தடிச்ச டேங்க சவரி எங்க கழுவுனாருன்னு கேளுங்கம்மா” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. யார் மேலும் நான் பழி போடவில்லை, கேள்விதானே கேட்டேன் என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

“குழாயடியிலதான் டீச்சர் கழுவுனேன்” என்றார் பக்கத்தில் நின்ற சவரிமுத்து.

“குழாயடி மேட்டுல இருக்கு, குளம் பள்ளத்துல இருக்கு” என்றேன் நான்.

இதைப் படிக்கிற தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். மேட்டுத் தண்ணீர் குளத்துக்குள் வரக்கூடாது என்பது குளம் வரையும்போது பார்க்கிற முதல் விஷயம். அந்தக் குழாயடித் தண்ணீர் குளத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போவதற்குக் கல் வாய்க்கால் கட்டியதே நான்தான். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. அது எனக்குத் தெரியும். டீச்சருக்கும் சவரிமுத்துவுக்கும் தெரியாது.

அதோடாவது நிறுத்தினேனா? “நேத்துச் சாயங்காலமே மீனு மேல வருதுன்னு இவரே சொன்னாரும்மா. மருந்து பட்டா அப்படித்தான் வரும்” என்றேன். என்னை எச்சரிக்க அவர் சொன்ன பேச்சை எடுத்து அவர் மேலேயே போட்டேன்.

சவரிமுத்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் கத்தவில்லை. “மாசக் கடைசில காலி பண்ணிருங்க சவரி. இந்தக் குளத்தப் பாக்குறப்பல்லாம் உங்கள நெனப்பேன், எனக்கு முடியாது” என்றார். மீன்களைச் சவரிமுத்துதான் ஒவ்வொன்றாக அள்ளி வேலியோரம் புதைத்தார்.

அந்த மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். மூன்று பேர், இரண்டு சாக்கு மூட்டை, ஒரு ஸ்டவ். அந்தப் பெண் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரையே போட்டிருந்தாள். ஒரு பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு தினமும் உறுத்தியது என்றெல்லாம் எழுதினால் அது இன்னொரு பொய். நிறைய நாள் மறந்தே போயிருந்தேன். ரிசார்ட் வேலை நன்றாக முடிந்தது, பேர் வந்தது, அடுத்தடுத்து வேலை வந்தது. இதில் எனக்கு மிகக் கேவலமாகப் படுவது இந்த மறதிதான்.

4. ஆடலூர்

இந்த வருஷம் மழைக்குப் பிறகு ஆடலூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் அல்லிக் குளம் கேட்டார்கள். குழி வெட்ட வந்த ஆட்களில் ஒருவர் சவரிமுத்து. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். “நல்லா இருக்கீங்களாண்ணே” என்று கேட்டார். நான் டேப்பை இழுத்து இடத்தை அளக்க ஆரம்பித்தேன்.

குழி வெட்டினார், மண் சுமந்தார், கல் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்து, மறுநாள் மீன் விடவேண்டும் என்றபோது மட்டும் தயங்கினார்.

“நாளைக்கு நான் வரலண்ணே. மொளகு பறிக்கப் போயிருதேன்.”

“ஏன் சவரி?”

“வேணாம்ணே. எங் கைக்கு ஆகாது.”

பக்கத்தில் நின்ற தோட்டத்துச் சூப்பர்வைசர் சிரித்தார். “இவரு மருந்தடிக்கிற டப்பாவத் தொடவே மாட்டாருங்க. வேற எந்த வேலைன்னாலும் செய்வாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரிமுத்து கரையில் உட்கார்ந்தார். “அன்னைக்குக் குழாயடித் தண்ணியினாலயா, இல்ல கையச் சரியாக் கழுவாம பொரி போட்டேனான்னு தெரியலண்ணே. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஈஸ்டருக்கு முன்னால தவசு காலத்துல வருசா வருசம் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லிட்டு வர்றேன். போன தடவ அவரே, ‘போதும்பா, ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரு’ன்னாரு. எனக்குத்தான் ஆற மாட்டேங்குது.”

செய்யாத பாவத்துக்கு ஒரு மனுஷன் பதினோரு வருஷமாக முழந்தாளிட்டிருக்கிறார். செய்தவன் அவர் எதிரில் டேப்பும் கையுமாக நிற்கிறேன்.

“சவரி, அது நீ இல்ல” என்றேன். “லாரித் தண்ணி. குளோரின். குழாயடித் தண்ணி உள்ளயே போகாது, நான்தான் வாய்க்கால் கட்டுனேன்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நான்தான் கொன்னேன்.”

அவர் எழுந்துவிட்டார். “எப்ப இருந்து தெரியும்?”

“அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?”

“மீன விடும்போதே தெரியும்.”

சவரிமுத்து தரையில் காறித் துப்பினார். “எம் மக அந்தப் பள்ளிக்கூடத்த விட்டுட்டு பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தா. ‘அப்பா தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிரு’ன்னேன். எம் மகட்ட சொன்னேன்யா! அவ இன்னைக்கு வரைக்கும் அதத்தான் நம்பிக்கிட்டிருக்கா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாத. டீச்சருக்குப் போன் போடு. எங்கிட்டச் சொன்னத அவுகட்ட சொல்லு.”

டீச்சர் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டேன். லாரி வந்ததிலிருந்து நான் கேட்ட கேள்விவரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டு விருந்துல உக்காந்து சாப்பிட்டீங்களே பாஸ்கர்” என்றார் டீச்சர்.

ஆமாம், சாப்பிட்டேன். இதை எழுதும்போதுகூட அதை விட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். பிரியாணி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். சவரிமுத்து அப்போது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

தொழில் பாடம் என்று கேட்டால், லாரித் தண்ணீரை ஆறவிடுங்கள், பழைய தண்ணீரில் பாதியைக் கொட்டாதீர்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது இதுதான்: தப்பு நடந்தால், அடுத்தவர் வாய் திறப்பதற்கு முன்னால் “நான்தான்” என்று சொல்லிவிடுங்கள். வேலை போகும், பேர் போகும். பரவாயில்லை, போகட்டும்.

“சவரி பக்கத்துல இருக்காரா?” என்று டீச்சர் கேட்டார். “அவர்கிட்ட குடுங்க.”

சவரிமுத்து கையிலிருந்த மண்ணைக் கைலியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

“டீச்சர், சவரிமுத்து பேசுறேன்... மீனு... நான் இல்லையாம் டீச்சர்.”