செருப்பு ஏறாத மலையில் ஒரு ஸ்டார்ட்அப்

இன்டர்நெட்டில் தொழில் தொடங்குகிறவனுக்கு யோசனை வராத நாளே கிடையாது, வாடிக்கையாளர்தான் வரமாட்டார். சென்னை வேலையை விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்துவிட்ட சக பைத்தியங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

நான் திருத்தணியில் வந்து இறங்கியது தை மாதம். என் மனைவி தேவகி அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிரசவ வார்டு. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஆடிக் கிருத்திகைக்குள் ஊர் ஜனங்கள் விரும்பிப் பயன்படுத்துகிற மாதிரி ஒன்றையாவது செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய வேலைக்கே போக வேண்டும். பழைய மேனேஜரும் அதுவரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தறி நின்றால் மணி அடிக்கும்

பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. கரண்ட் போனால் லுங்கி பாதியில் நின்றுவிடும். கரண்ட் போன அடுத்த நிமிடம் எல்லோர் போனிலும் மணி அடிக்கிற மாதிரி ஓர் ஆப் செய்தேன். செய்து முடித்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதைக் காட்ட, இரண்டு தறி வைத்திருக்கும் லோகநாதன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தி விளக்கினேன். பக்கத்திலேயே தூளியில் அவர் பேத்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான் போனையே ஆவலாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அடிப்பதற்குள் குழந்தை வீலென்று அழ ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தூளியை ஆட்டிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: "தறி சத்தம் நின்னா கொயந்தை எழுந்துக்கும் தம்பி. உன் ஆப்பு அதுக்கு அப்பால்தான் எழுந்துக்குது."

அரை நட்சத்திரம்

திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ஆப் தயார். நிலத்துக்காரர் போனைத் தட்டினால் வெட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள்; வேலை முடிந்ததும் அவர்களுக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடலாம். நிலத்துக்காரர்களுக்கு ஏகப்பட்ட குஷி. மீசைக்காரப் பெரியவர் ஒருவர், சில ஆட்களுக்கு ஒன்றே அதிகம், அரை நட்சத்திரம் போடவும் வழி வேண்டும் என்று கேட்டார். அதையும் சேர்த்தேன்.

பிறகு வெட்டு ஆட்களின் தலைவி முனியம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் கேட்டார். யார் குடிக்கத் தண்ணீர் வைக்கிறார், யார் நிழலே இல்லாத இடத்தில் உட்காரச் சொல்கிறார் என்பதற்குத் தாங்கள் எங்கே நட்சத்திரம் போடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, இரண்டே நாளில் அதையும் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் மீசைக்காரரே நேரில் வந்துவிட்டார். "என் பேரை எடுத்துடு தம்பி. அரை நட்சத்திரம் வாங்கிகினு ஊர்ல எப்பிடி நடக்கிறது?"

மூஞ்சி

வைகாசி வெயிலில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பமே தாரில் கால் வைக்க முடியாமல் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மலைக்கோயிலுக்குப் படி ஏறி சாமி பார்க்கப் போகிறவர்கள் செருப்பைப் படியடியிலேயே விட்டுவிடுவார்கள். இறங்கும்போது கால்வலி, பிள்ளைகள் அழுகை என்று மலைப்பாதை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஆள் பஸ் ஸ்டாண்டில், செருப்பு படியடியில். இத்தனை வருடம் இதைக் கண்ணால் பார்த்தும் புத்திக்கு எட்டவில்லையே! செருப்பைப் படியடியில் வாங்கிக்கொண்டு, போனில் செய்தி வந்ததும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஆட்டோ ஓட்டும் தேவகியின் தம்பி சீனுவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

டோக்கன் கொடுத்தால் காவடி எடுக்கிறவர் அதை எங்கே செருகுவார்? அதனால் செருப்போடு ஆளின் முகத்தையும் படம் எடுத்து வைத்தோம். முதல் நாளே இரண்டு குடும்பங்கள். இறங்கி வந்து நின்றார்கள். ஆண், பெண், குழந்தை அத்தனை பேரும் மொட்டை, தலையில் சந்தனம். ஆண்களுக்கு மீசையும் போயிருந்தது. சீனு படத்தைப் பார்க்கிறான், ஆளைப் பார்க்கிறான், ஒன்றும் ஒட்டவில்லை. புது லெதர் செருப்பு ஒன்றை இரண்டு பேர் தங்களுடையது என்று பிடித்து இழுத்தார்கள். ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மொட்டை போட வர்ற ஊர்ல மூஞ்சிய போட்டோ புடிச்சு வெச்சுகினு இருக்கியே, இன்னா தொழில்பா இது?"

பிரசவ வார்டு

ஆடி பிறந்தது. மேனேஜர் போன் செய்து, வருகிறாயா இல்லையா என்றார். கிருத்திகை முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. டியூட்டி முடிந்து வந்த தேவகி, மொட்டைக் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "எங்க வார்டுல எந்தக் கொயந்தை யாருதுன்னு மூஞ்சிய வெச்சா எழுதுறோம்? பொறந்ததும் கால்லதான் மை தடவி ரேகை எடுக்குறோம். நீங்களும் காலை எடுங்க."

கிருத்திகை

மூஞ்சிக்குப் பதில் காலைப் படம் எடுத்தோம். மருதாணிக் கால், மெட்டிக் கால், பித்தவெடிப்புக் கால், ஆறு விரல் கால். தலை எப்படி மாறினாலும் கால் மாறவில்லை! கிருத்திகையன்று ஊர் முழுக்கக் காவடி. ஆட்டோ நகராத இடத்தில் சீனுவும் நானும் செருப்பு மூட்டையைத் தோளில் சுமந்தோம். தேவகி லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், நகரியிலிருந்து வந்த ஓர் அம்மா தன் பாதத்தைப் படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். வார் அறுந்து, ஊக்கு குத்திய பழைய செருப்பு. "கோயிலுக்குன்னா பிஞ்சதத்தான் போட்டுகினு வருவோம் நைனா, போனா போவட்டும்னு. அடுத்த வருசம் நல்ல செருப்பாவே போட்டுகினு வர்றேன்" என்றார். நான் திரும்பித் தேவகியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளிலிருந்த மூட்டையில் பாதியை வாங்கிக்கொண்டாள். "மேனேஜருக்குப் போன் போடுங்க. அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க."

இப்போது என் போனைத் திறந்தால் குடும்பப் படம் ஒன்றும், முன்பின் தெரியாதவர்களின் பாதம் நூற்றுக்கணக்கிலும் இருக்கின்றன. சக பைத்தியங்களே, வெளியூர்க்காரர்கள் கேட்டால் நான் டெக்னாலஜியில் இருப்பதாகத்தான் சொல்கிறேன்.