இரண்டு மழைக்காலம் நின்ற வண்டி

தீப்பெட்டி ஆபீசில் வாரம் முழுக்க நின்றபடியே பண்டல் கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடக் கொஞ்ச நேரம் படுத்துக் கிடப்பதுதான். அன்றைக்கு அதுவும் இல்லை. விடிந்ததும் விடியாததுமாக என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே போய்க் கொட்டகை முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏட்டி, வண்டிய வெளிய எடு" என்றார்.

அந்த மோட்டார் சைக்கிள் நின்று இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. அவருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து நிற்கிறது. இடது கால், இடது கை இரண்டும் விழுந்தது. கால் எப்படியோ திரும்பி வந்துவிட்டது, இழுத்து இழுத்தாவது நடக்கிறார். கைதான் முரண்டு பிடித்தது. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். அமுக்கினார், அமுக்கினார், பந்துதான் பழசாகிப்போனது.

அதற்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு மொத்தக் கடைக்கு லைன் போய்க்கொண்டிருந்தார். நாகலாபுரம், குளத்தூர் வரைக்கும் வண்டியிலேயே போய், பெட்டிக்கடை பெட்டிக்கடையாக ஏறி ஆர்டர் எடுத்துவருகிற வேலை. கடைக்கார அண்ணாச்சி அந்த வேலையை இத்தனை நாள் யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருந்ததே பெரிய காரியம். முந்தின நாள் போன் பண்ணியிருந்தார். "வண்டி ஓட்ட முடியும்னா திங்கக்கிழம வந்துருங்க. முடியாதுன்னா மனசு கஷ்டப்படாமச் சொல்லிருங்க, வேற ஆளு போடுதேன்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை என்றால் மறுநாள்.

"மெக்கானிக்க வரச்சொல்வோமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன தெரியும்? இந்த வண்டிக்கு நாந்தான் மெக்கானிக்கு."

மெக்கானிக் வந்தால் வண்டியைப் பார்க்கும் முன்னால் இவர் கையைப் பார்ப்பான். எனக்குத் தெரியாதா என்ன. நானும் வற்புறுத்தவில்லை. ஆக, மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் என்னுடையது. உட்கார்ந்த இடத்தில் அதிகாரம் பண்ணுவதற்குப் பக்கவாதம் ஒரு தடையே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதலில் வண்டி நகரவே மாட்டேன் என்றது. பின் சக்கரம் ஒரு விரல்கடைகூடச் சுற்றவில்லை. செயின் துருப்பிடித்துவிட்டது என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சேறுட்டி. நாகலாபுரத்துலேருந்து மழையில வந்தேம்லா, அன்னைக்கு அப்பின சேறு. நோண்டாம நிறுத்திட்டேன்."

மழை நேரத்தில் எங்கள் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோரும் ஒரு குச்சி வைத்திருப்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் இறங்கி, மட்கார்டுக்குள் அப்பிய கரிசல் மண்ணை நோண்டித் தள்ளினால்தான் சக்கரம் உருளும். ராத்திரி காயவிட்டால் கல்லாகிவிடும். அன்றைக்கு நனைந்து வந்தவர் காலையில் நோண்டிக்கொள்ளலாம் என்று படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஓட்டத்தில் மட்கார்டை யார் நினைத்தது? அந்தச் சேறு அப்படியே இறுகி டயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி, களைக்கொத்தியால் குத்தி எடுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

அப்புறம் பெட்ரோல். டேங்கில் கிடந்ததை டியூப் வழியாக இறக்கினால் பெயிண்ட் நாற்றம் அடித்தது. "கார்புரேட்டர்ல அடியில ஒரு திருகு இருக்கும் பாரு. அதயும் கழத்தி விடு." கழற்றினேன். கலங்கல் வடிந்தது. உள்ளே ஒரு சின்ன ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தச் சொன்னார். குத்தினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். அடுப்பில் உலை வைக்கவில்லை, வாசல் தெளிக்கவில்லை, விரல் பூராவும் கரி.

"எல்லாத்தையும் நானே செய்யுதேன், நீங்க சும்மா இருந்து அலறுதீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"பொறவு நாளைக்கு லைனுக்கு நீயா போவப்போற?" என்றார்.

குரல் பழைய குரல். இத்தனை நாள் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தயங்கித் தயங்கிக் கேட்ட மனுஷன். அந்தச் சலிப்பிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு வசவு வைதால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

புதுப் பெட்ரோல் ஊற்றினோம். பேட்டரி செத்துக் கிடந்தது, உதைத்துத்தான் பார்க்க வேண்டும். உதைத்தேன். கால் மரத்துப்போகும்வரை உதைத்தேன். ஒருதரம் தும்மியது. இன்னொரு உதையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கிளச்சப் பிடிச்சு ஒண்ணாம் கியரப் போடு!"

கிளச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி அணைந்தது. முழங்கை சிராய்த்துவிட்டது. அவர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"கிளச்சு பிளேட்டு ஒட்டிருக்கு. ரொம்ப நாள் நின்னா அப்படித்தான்" என்றார். டப்பாவில் நமுத்த அப்பளம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமே, அப்படி என்று புரிந்துகொண்டேன். அதற்கும் வழி சொன்னார். எஞ்சின் ஓடாமல் கியரில் போட்டு, கிளச்சை இறுக்கிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கேபிளில் எண்ணெய் விட்டுக்கொள்ளச் சொன்னார். விட்டேன். பிடி வழுவழுவென்று வந்தது. பிடித்துக்கொண்டே தள்ளினேன், இழுத்தேன், தள்ளினேன். வேர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் உள்ளே எதுவோ விடுபட்டதுபோல ஒரு சத்தம் கேட்டு வண்டி லேசாக உருண்டது.

மறுபடியும் உதைத்தேன். ஓடியது. கிளச்சைப் பிடித்துக் கியரைப் போட்டேன். துள்ளவில்லை, சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் போட்டேன்.

"நீ தள்ளி நில்லு" என்றார்.

வலது கையால் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டியில் உட்கார்ந்ததும் கூன் நிமிர்ந்துவிட்டது. வலது கையால் இடது கையைத் தூக்கிப் பிடியில் வைத்தார். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கிளச்சின் மேல் போட்டார். அமுக்கினார்.

கழுத்து நரம்பு புடைத்தது. கிளச்சு அசையவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொருதரம் அமுக்கினார். விரல்கள்தான் நடுங்கின.

"கேபிளு டைட்டா இருக்கு" என்றார்.

"ஆமா, டைட்டாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் எண்ணெ விடட்டா?" என்றேன்.

அவர் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரியும் கிரீசுமாக இருந்த விரல்களுக்குக் குறுக்கே, கிளச்சைப் பிடித்த தடம் கோடாகப் பதிந்திருந்தது. நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். இழுத்திருக்கக் கூடாது.

"காலையிலேருந்து நீ ஒத்தக் கையிலதானட்டி பிடிச்ச" என்றார்.

வண்டி ஒரு குறையும் இல்லாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நல்ல சத்தத்தை நான் அதுவரை வெறுத்ததில்லை.

வலது கையால் இடது கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அணச்சுரு. பெட்ரோலு வீணாப் போவுது."

சாவி அவருடைய நல்ல கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் கையை நீட்டி அணைத்தேன்.