காண்ட்ராக்ட், பர்மனென்ட், ப்ரிடெண்ட்

அப்பாவின் வேலைச் சட்டையை ஊறவைத்த வாளித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். குனிந்து முகர்ந்தால் ஈரமண்ணும் புகைந்து அணைந்த விறகும் கலந்தது போல ஒரு வாசனை மூக்கில் ஏறும். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கிற கரியையும் மண்ணையும் வாரிப் போடுவது அப்பாவின் வேலை. எந்த சோப்பைப் போட்டாலும் அந்தப் பழுப்பு போகாது. "அழுக்குன்னா போவும். இது நூலுலயே ஏறிப்போச்சி" என்று சொல்லிக்கொண்டே அம்மா சட்டையை அடித்துத் துவைப்பாள்.

நாங்கள் மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். டவுன்ஷிப் நடந்துபோகிற தூரம்தான். ஆனால் அங்கே அகலமான சாலையும் குவார்ட்டர்ஸும் வீட்டுக்கு வீடு மரமும். எங்களுக்குச் சந்தும் சாக்கடையும் அடுத்த வீட்டு ரேடியோவும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி கற்றுக்கொள்ளும் சொற்கள் "ஷிப்ட்டு", "காண்ட்ராக்ட்டு", "பர்மனென்ட்டு". ஒரு புது மனிதர் வந்தால் அவர் பேரைக் கேட்பதற்கு முன்னால் "காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். அப்பா காண்ட்ராக்ட். குவார்ட்டர்ஸ் பர்மனென்ட்டுக்குத்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் "அடுத்த கிறிஸ்மஸ் குவார்ட்டர்ஸ்லதான்" என்பார். அம்மா பலகாரத்தைத் திருப்பிப் போடுவாள்.

இப்படி வளர்ந்த ஒருத்தியைப் பிடித்து இங்கிலீஷ் டீச்சர் ஒருநாள் எழுப்பி நிறுத்தி, கரும்பலகையில் எழுதியிருந்த "ப்ரிடெண்ட்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? எனக்குச் சந்தேகமே வரவில்லை. "காண்ட்ராக்ட்டுக்கு மேல, பர்மனென்ட்டுக்குக் கீழ மிஸ்" என்றேன், கணீரென்று. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லாததை இருப்பதுபோலக் காட்டிக்கொள்வதுதான் அந்தச் சொல் என்றார். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் இதைச் சொன்னபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "நீ சொன்னதுல என்னா தப்பு பாப்பா? காண்ட்ராக்ட்டுக்கு மேலதான், பர்மனென்ட்டுக்குக் கீழதான். நம்ம அங்கதான் இருக்கோம்" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அது ஒரு பதவியாகிவிட்டது. யாராவது "இன்னும் பர்மனென்ட் ஆவலியா?" என்று கேட்டுவிட்டுப் போனால், அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "ப்ரிடெண்ட் ஆயிட்டம்ல" என்பார்.

பதவி கிடைத்தபின் வீடு வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா எங்களை டவுன்ஷிப் வழியாக நடத்திக் கூட்டிவருவார். ஒரு ப்ளாக்கின் கடைசித் தெருவில், மூலையில், பூட்டிக்கிடந்த ஒரு குவார்ட்டர்ஸ். வாசலில் அடிமரத்திலேயே காய்க்கிற பலா. அப்பா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "இங்க முருங்கை. இங்க கோழிக்குக் கூடு. பலாவுக்குச் சாம்பல் போடணும். இந்த ஜன்னல்கிட்ட பாப்பாவுக்கு மேசை" என்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டுவார். தம்பி பலாமரத்தைக் கட்டிக்கொண்டு, "இது என்து" என்பான். அந்தக் கால்மணி நேரத்தில் அப்பாவின் முதுகு நிமிர்ந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் வாரம் முழுதும் காத்திருந்தேன்.

அம்மா மட்டும் கேட்டைத் தாண்ட மாட்டாள். தெருமுனையில் சிறுபாலத்தின் கட்டையில் பைபிள் பையை மடியில் வைத்து உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு இதற்கெல்லாம் ஒரே பேர்தான்: "மாய்மாலம்". பசியில்லாமலே பசிக்கிறது என்றால் மாய்மாலம், வலிக்காமல் அழுதால் மாய்மாலம், ஜெபத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்தாலும் மாய்மாலம். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று திரும்பி வரும்போது முணுமுணுப்பாள். அப்பா கேட்காததுபோல் விசில் அடித்துக்கொண்டு வருவார்.

இப்படி எத்தனை ஞாயிறு போனதோ, ஒருநாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்ட பிறகுதான் கொடியில் துணி காய்வதைப் பார்த்தோம். தம்பி அதற்குள் மரத்தைக் கட்டிக்கொண்டுவிட்டான். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் ஈரக்கையோடு வந்து, "யாருங்க? என்ன வேணும்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இந்த ஆளுதாங்க. வாரா வாரம் காலி வூட்டுக்குள்ள பூந்து நோட்டம் பாத்துகினு இருக்காரு. பழத்துக்குத்தான் இருக்கும்" என்றார். அந்த அம்மாளின் கணவரும் வாசலுக்கு வந்துவிட்டார். "எந்த செக்‌ஷன்யா நீ? காண்ட்ராக்ட்டா?"

அப்பா தம்பியை மரத்திலிருந்து பிரித்து இழுத்தார். திருடன் என்ற சொல்லை இன்னும் யாரும் சொல்லவில்லை. அடுத்த மூச்சில் சொல்லிவிடுவார்கள் என்பது எனக்கே தெரிந்தது. பிள்ளைகள் எதிரில் அதை ஒருதரம் கேட்டுவிட்டால் என் அப்பா மறுபடி நிமிரவே மாட்டார் என்று பயந்தேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. கேட்டைத் தாண்டி, எங்களையும் தாண்டிப்போய் அந்த அம்மாள் எதிரில் நின்று, சிரித்த முகமாக, "மன்னிச்சிக்கோங்கம்மா. முன்ன நாங்க குடியிருந்த வூடு இது. மரத்தைப் பாக்கணும்னு புள்ளைங்க ஒரே அடம். சொல்லிட்டு வந்திருக்கணும்" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா நிறுத்தவில்லை. "மழைக்காலத்துல பின்கதவு உப்பிக்கும்மா, கொஞ்சம் தூக்கித்தான் சாத்தணும். பலாவுக்குச் சாம்பல் போட்டுகினே இருங்க, நல்லாப் புடிக்கும். ஜன்னலோரம் புள்ளைக்கு மேசை போட்டா படிக்க வெளிச்சமா இருக்கும்."

"அய்யோ, ஆமாங்க! அந்தக் கதவு சாத்தவே மாட்டேங்குது" என்று அந்த அம்மாள் மலர்ந்துவிட்டார். கணவர் அப்பாவைப் பார்த்து, "உள்ள வாங்க சார்" என்றார். என் அப்பாவை ஒருவர் சார் என்று கூப்பிட்டதை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். உள்ளே போனோம். தண்ணீர் குடித்தோம். சாம்பலும் மேசையும் அப்பா சொன்னவை; பாலக்கட்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். கதவு மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு. மழைக்காலத்தில் எந்த வீட்டுக் கதவுதான் உப்பாது?

திரும்பும்போது அப்பா விசில் அடிக்கவில்லை. தம்பி அவர்கள் கொடுத்த பலாப்பழத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். நான்தான் சும்மா இருக்கமாட்டாமல், "ஏம்மா, இது மாய்மாலம் இல்லியா?" என்று கேட்டேன். அம்மா நின்றாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போடி இவளே. மாய்மாலம்னா நமக்கோசரம் பண்றது. இது ப்ரிடெண்ட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. பர்மனென்ட் லிஸ்டில் அப்பாவின் பெயரும் எந்த வாட்டியும் வரவில்லை. பழுப்பேறிய சட்டையோடே வேலையிலிருந்து நின்று, வாடகை வீட்டிலேயே கண்ணை மூடினார். நான் இப்போது வடலூரில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வினைச்சொல் வரும்போதெல்லாம் அர்த்தம் எழுதிப்போடத் திணறுகிறேன். நடிப்பு, பாசாங்கு, பாவ்லா என்று எதை எழுதினாலும் அதில் ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதையே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். காண்ட்ராக்ட்டுக்கு மேல, பர்மனென்ட்டுக்குக் கீழ என்று சொல்ல ஒரு பிள்ளையும் இல்லை. அப்பாவிடம் சொல்லிச் சிரிக்கவும் இப்போது வழியில்லை.

போன மாதம் அம்மாவோடு நெய்வேலிப் பக்கமாகப் பஸ்ஸில் வந்தேன். அந்த ப்ளாக்கைக் காலி செய்து இடித்துவிட்டார்கள். பலா நிற்கிறதா என்று பார்த்தேன், புதர்தான் தெரிந்தது. அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம், "அதோ, அங்கதாம்மா எங்க வூடு இருந்திச்சி. மூலை வூடு" என்றாள்.

"அப்படிங்களா! குவார்ட்டர்ஸா?" என்று அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்பா என்னாங்க, காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா?"

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், பாலக்கட்டையில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. காது இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பர்மனென்ட்டுங்க" என்றேன்.