சிறு உற்பத்தியாளரும் கலந்துகொண்டார்

கொட்டாஞ்சேனை கிளறன்ஸ் ஒரு வர்த்தக சங்கத்தின் காரியாலயச் செயலாளர். உணவுத் தொழில் நடத்தும் பெரியவர்கள் அரசாங்கத்திடம் எதைக் கேட்க விரும்பினாலும் அது முதலில் அவருடைய கணினியில்தான் பிறக்கும். அவர்கள் "எங்களுக்கு" என்பார்கள். கிளறன்ஸ் "பொதுமக்களுக்கு" என்று மாற்றுவார். வரி குறைய வேண்டுமென்றால் ஏழைப் பிள்ளைகளின் போசாக்கு. இறக்குமதிக்கு வரி ஏற வேண்டுமென்றால் தேசத்தின் தன்னிறைவு. ஞாயிறு பூசை தவறாத மனிதர், பொய் சொல்லமாட்டார். சொல்லை இடம் மாற்றி வைப்பது பொய்யில் சேராது என்பது அவருடைய கணக்கு.

மனைவி இமெல்டா வீட்டுக் குசினியில் சோற்றுப் பார்சல் கட்டி விற்றாள். துறைமுகத்து ஆட்களும் கந்தோரில் வேலை செய்பவர்களும் மத்தியானத்துக்கு முன்பே வாசலுக்கு வந்துவிடுவார்கள். கிளறன்ஸின் சம்பளம் வீட்டு வாடகையோடு முடிந்துவிடும். மகள் ரொஷேலின் படிப்பு இமெல்டாவின் பார்சலில்தான் ஓடியது.

சங்கத் தலைவர் சின்னராசா வெள்ளவத்தைக்காரர். சோற்றை டப்பாவில் அடைத்து, லேபல் ஒட்டிக் கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலை வைத்திருந்தார். டப்பாக்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான், பதிவில்லாத குசினிகளில் கட்டும் சோற்றால் பொதுமக்களின் உடல்நலம் என்னாகுமோ என்ற கவலை அவரைப் பிடித்தது. அப்படி விற்பதைத் தடுக்கச் சட்டம் கேட்டு அமைச்சுக்கு ஒரு மனு எழுதும்படி கிளறன்ஸிடம் சொன்னார்.

அமைச்சுக்குப் போகும்போது சிறு தொழில் செய்யும் ஒருவரைக் கூட்டிப்போவது சங்கத்தின் வழக்கம். அவர் பேச வேண்டியதில்லை, படத்தில் நின்றால் போதும்.

"உம்மட மனுசி சோறு கட்டுறவதானே? அவவையே கூட்டிக்கொண்டு வாருமன்" என்றார் சின்னராசா.

"சேர், இந்தச் சட்டம் வந்தா அவட தொழில்..."

"சின்ன ஆக்களுக்குத் தவணை குடுப்பினம். நீர்தானே எழுதினனீர், பிறகென்ன பயம்?"

உண்மைதான். சின்னத் தொழில்காரர் பதிவு எடுக்கும்வரை தவணை உண்டு என்ற வரியைக் கிளறன்ஸ் மனுவில் தன் கையாலேயே சேர்த்திருந்தார். அதை நம்பி வீட்டில் சொன்னார்.

இமெல்டா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். "பெரிய ஆக்கள்ட்ட வெறுங்கையோட போறதா? வெக்கம்" என்று சொல்லி, வாழையிலையை வாட்டி, சம்பாச் சோறும் மீன் குழம்பும் கத்தரிக்காய் மோஜுவும் வைத்து எல்லாருக்கும் பார்சல் கட்டினாள்.

அமைச்சின் மேசையில் பார்சல்கள் மணத்தன. சின்னராசா ஒன்றை எடுத்து அதிகாரிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இதில திகதி இருக்கா? லேபல் இருக்கா? ஆர் சமைச்சது எண்டு ஆருக்காவது தெரியுமா?"

சமைத்தவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போனபோது கிளறன்ஸ் மெல்ல அவள் முழங்கையைத் தொட்டார். அவள் மூடிக்கொண்டாள்.

பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். அதிகாரி "ஷோக்" என்று விரலைச் சூப்பி, வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். படம் பிடித்தார்கள்.

சட்டம் அரச வர்த்தமானியில் வந்தது. தவணை என்ற வரி அதில் இல்லை. சங்கம் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியில் இமெல்டாவின் படம் இருந்தது. சிறு உற்பத்தியாளரும் கலந்துகொண்டதாக அதன் கீழே எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். அவரும் பழைய வாடிக்கைக்காரர்தான். தலையைச் சொறிந்துகொண்டே, தனிக் குசினியும் பதிவும் இல்லாமல் இனி விற்கக் கூடாது என்றார். இரண்டறை வாடகை வீட்டில் தனிக் குசினிக்கு எங்கே போவது? இமெல்டா பெரிய சட்டிகளைக் கழுவிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நான் அண்டைக்குக் கதைக்க வெளிக்கிட்டன்" என்றாள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முதல்நாள் சின்னராசா அழைத்தார். "நாளைக்கு உம்மட வீட்டுச் சாப்பாடுதான், கிளறன்ஸ்."

"தடை எல்லோ, சேர்?"

"விக்கிறதுதான் தடை. இது அன்பளிப்பு."

கிளறன்ஸ் தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னார். இமெல்டா "சரி" என்றாள். காலையில் பெரிய பையொன்றைக் கட்டிக் கொடுத்தாள். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை.

மத்தியானம் மேசையில் வைத்துப் பிரித்தால், உள்ளே சின்னராசாவின் தொழிற்சாலை டப்பாக்கள். தலைவர் ஒரு மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"என்ன காணும் இது?"

கிளறன்ஸ் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "திகதி இருக்கு, சேர். லேபலும் இருக்கு."

"உதை அங்கால வைச்சிட்டு ஹோட்டலுக்குக் கோல் பண்ணும்."

கிளறன்ஸ் கோல் பண்ணினார். பிறகு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய், கடைசிப் பருக்கை வரை தின்றார்.